குப்பை அஞ்சலை யாரிடம் சொல்வது? ஸ்பேம்காப் வழியாகப் புகார் அனுப்பிய அனுபவம்

மின்னஞ்சல் பெட்டியில் உள்ள ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தினால் அந்த அஞ்சல் கண்ணிலிருந்து மறைகிறது. நம் அஞ்சல் நிறுவனத்தின் வடிகட்டியும் அதிலிருந்து கொஞ்சம் கற்றுக்கொள்கிறது. ஆனால் அதை அனுப்பிய கணினி எந்த நிறுவனத்தின் வலையமைப்பில் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அங்கே பொறுப்பில் இருப்பவருக்குப் பெரும்பாலும் சேதி போவதில்லை. அவருக்குத் தெரிந்தால்தான் அந்தக் கணினியின் இணைப்பைத் துண்டிக்கவோ, களவுபோன கணக்கை முடக்கவோ முடியும். அவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் நம்பும்படியான சான்றோடு சொல்ல வேண்டும். ஸ்பேம்காப் என்ற புகார்ச் சேவை வழியாக அதைச் செய்து வருகிறேன். எப்படிச் செய்கிறேன், எங்கே கவனம் வேண்டும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு சிறிய பதிப்பகத்தின் மின்னஞ்சல். அதன் முகவரி ஒவ்வொரு புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்திலும் அச்சாகிறது. வாசகர்கள் எழுத வேண்டும் என்றுதான் அச்சிடுகிறோம். ஆகவே அதை மறைத்துவைக்க வழியில்லை. வாசகர் கடிதங்களோடு குப்பையும் சேர்ந்தே வருகிறது. இணையதளத்தைத் தேடுபொறியில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்பவர்கள், கேட்காத காகித விலைப்பட்டியல், பொய்யான கொள்முதல் ஆணை, டொமைன் (இணையதளத்தின் பெயர்) காலாவதியாகப் போகிறது என்ற மிரட்டல். இவற்றை அழித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். கணக்குகளைப் பார்க்கும் அக்கா ஒருநாள், “தம்பி, அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டதாம், கடவுச்சொல்லைக் கேட்கிறது, போட்டுவிடவா?” என்று கேட்டார். திரையைப் பார்த்தேன். எங்கள் பதிப்பகத்தின் பெயரையே தாங்கிய போலி உள்நுழைவுப் பக்கம் திறந்திருந்தது. கேட்டாரே, அது போதும். கேட்காமல் தட்டச்சு செய்துவிடும் இன்னொருவர் வேறு ஏதோ ஓர் அலுவலகத்தில் இருப்பார். அந்தப் பக்கம் அதுவரை திறந்தே இருக்கக் கூடாது என்று தோன்றியது.

ஸ்பேம்காப் புதிய சேவை இல்லை. ஜூலியன் ஹெய்ட் என்பவர் 1998இல் தொடங்கினார். 2003இல் ஐயர்ன்போர்ட் நிறுவனம் அதை வாங்கியது. 2007இல் ஐயர்ன்போர்ட்டை சிஸ்கோ வாங்கியபோது இதுவும் சிஸ்கோவின் கைக்குப் போனது. புகார் அனுப்பக் கட்டணம் இல்லை. தளத்தின் தோற்றம் இன்றும் பழைய காலத்ததுதான். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் எப்படி வந்தோம் என்று வரிவரியாகக் காட்டும் தளம் அது. பகுப்பாய்வைப் படிக்கப் படிக்க மின்னஞ்சல் எப்படிப் பயணிக்கிறது என்பது தானாகப் புரிந்துவிடும்.

பதிவு செய்ததும் நமக்கென்று ஒரு தனி முகவரி தருகிறார்கள். குப்பை அஞ்சலை இணைப்பாக வைத்து அந்த முகவரிக்கு அனுப்பலாம். அல்லது அஞ்சலின் முழு மூலத்தையும், அதாவது திரையில் தெரியாத வரிகளும் சேர்ந்த அசல் வடிவத்தை, தளத்தில் உள்ள கட்டத்தில் ஒட்டலாம். தனி முகவரியை யாரிடமும் காட்டக் கூடாது. அது தெரிந்தவர் நம் பெயரில் எதை வேண்டுமானாலும் உள்ளே தள்ளிவிட முடியும்.

அடுத்துச் செய்ய வேண்டியது நம் சொந்த அஞ்சல் சர்வர்களை ஸ்பேம்காப்புக்கு அறிமுகம் செய்வது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது என்பதற்கு எங்கள் நிலைமையே காரணம் சொல்லும். பதிப்பகத்தின் டொமைனுக்கு வரும் அஞ்சல் முதலில், எங்களுக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இறங்குகிறது. அங்கிருந்து ஒரு பெரிய இலவச அஞ்சல் சேவையில் உள்ள பெட்டிக்குத் தானாகத் திருப்பி விடப்படுகிறது. அந்தப் பெட்டியின் பார்வையில், அஞ்சலைக் கொண்டுவந்து கொடுத்தது எங்கள் ஹோஸ்டிங் நிறுவனம். திருப்பி விடும் ஏற்பாடு தெரியாத பகுப்பாய்வு அங்கேயே நின்றுவிட்டால், புகார் எங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் மேலேயே போகும். குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரைப் பிடித்த கதையாகிவிடும்.

அறிமுகம் செய்யும் முறை எளிது. நம் முகவரியைக் கொடுத்தால் ஸ்பேம்காப் ஒரு சோதனை அஞ்சல் அனுப்புகிறது. அது வந்து சேர்ந்ததும் அதன் முழு மூலத்தையும் எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த அஞ்சல் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று பார்த்து, இவையெல்லாம் நம் வீட்டு சர்வர்கள் என்று குறித்துக்கொள்கிறது. எத்தனை முகவரிகளில் அஞ்சல் வாங்குகிறோமோ அத்தனைக்கும் இதைச் செய்ய வேண்டும். பதிப்பகத்தின் முகவரிக்கு ஒன்று, திருப்பி விடப்படும் பெட்டிக்கு ஒன்று என்று இரண்டையும் பதிந்தேன். ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும் என்பதை அலுவலகக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

மூலத்தை எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கமான முறையில் ஃபார்வர்டு செய்தால், அஞ்சல் வந்த வழியைச் சொல்லும் தலைப்பகுதி முழுவதும் தொலைந்துவிடும். புதிய அஞ்சலின் தலைப்பகுதிதான் மிஞ்சும். இணைப்பாக ஃபார்வர்டு செய்ய வேண்டும். தண்டர்பேர்டில் கன்ட்ரோலும் யு எழுத்தும் சேர்த்து அழுத்தினால் மூலம் அப்படியே திறக்கிறது. ஜிமெயிலை உலாவியில் திறந்து, அஞ்சலின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், அசலைக் காட்டும் வசதியும் இணைப்பாக அனுப்பும் வசதியும் கிடைக்கின்றன. அவுட்லுக்கில் தலைப்பகுதி தனியாகவும் உடல்பகுதி தனியாகவும்தான் கைக்கு வரும். அதற்காகவே இரண்டு கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றை ஸ்பேம்காப் வைத்திருக்கிறது. கைப்பேசிச் செயலிகளில் பெரும்பாலும் மூலத்தைப் பார்க்க முடியாது. ஆகவே இது கணினியில் உட்கார்ந்து செய்யும் வேலை. அதையும் உடனுக்குடன் செய்ய வேண்டும்: வந்து இரண்டு நாளைக்கு மேல் ஆன அஞ்சலை ஸ்பேம்காப் ஏற்பதில்லை. காரணம் நியாயமானது. அனுப்பிய கணினிக்கு இணையத்தில் இருந்த எண், அதாவது ஐபி முகவரி, இதற்குள் வேறொருவர் கைக்கு மாறியிருக்கலாம்.

இனி, அக்காவுக்கு வந்த அந்தப் ‘பெட்டி நிரம்பிவிட்டது’ அஞ்சலையே எடுத்துக்கொள்கிறேன். எண்களை மட்டும் மாற்றி, எடுத்துக்காட்டுகளுக்கென்று ஒதுக்கப்பட்ட எண்களைத் தருகிறேன்.

தலைப்பகுதியில் ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகள் மூன்று இருந்தன. அஞ்சலைக் கைமாற்றும் ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்கு ஒரு வரியை மேலே சேர்க்கிறது. கடிதத்தின் மேல் ஒவ்வோர் அஞ்சலகமும் குத்தும் முத்திரை போல. புதிய வரி எப்போதும் பழையதற்கு மேலேதான் வரும். ஆகவே மேலிருந்து கீழே படிக்கப் படிக்கக் காலத்தில் பின்னோக்கிப் போகிறோம்.

மேல் வரி எங்கள் பெட்டி இருக்கும் அஞ்சல் சேவை எழுதியது: ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரிடமிருந்து வாங்கினேன் என்கிறது. அதை நம்பலாம். நடு வரி ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் எழுதியது. அதையும் நம்பலாம். ஆனால் அந்த ஒரே வரிக்குள் நம்பத்தக்கதும் நம்பத் தகாததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எங்கள் டொமைனின் பெயரே நின்றது. அது அனுப்பிய கணினி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. என்ன பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம், தடுப்பார் இல்லை. அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் 203.0.113.45 என்று ஓர் எண். அது அனுப்பியவன் சொன்னது கிடையாது. இணைப்பு எங்கிருந்து வந்தது என்று எங்கள் சர்வர் தானே பார்த்து எழுதியது. இணைப்பை இருபுறமும் பேசி உறுதிசெய்த பிறகே அஞ்சல் கைமாறும் என்பதால், அந்த எண்ணைப் போலியாகப் புகுத்துவது மிகக் கடினம். புகாருக்கு வேண்டிய சான்று அந்த எண்தான்.

மூன்றாவது வரி ஒரு பெரிய வங்கியின் சர்வரிலிருந்து அஞ்சல் புறப்பட்டதாகச் சொன்னது. அதை எழுதியவன் குப்பை அஞ்சலை அனுப்பியவனே. பொய் என்பதற்கு இரண்டு தடயங்கள் கண்ணில் பட்டன. நடு வரியில் 203.0.113.45 என்ற கணினியிடமிருந்து வாங்கியதாக எழுதியிருக்க, மூன்றாவது வரியில் அஞ்சலை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் சர்வருக்கும் அந்தக் கணினிக்கும் தொடர்பே இல்லை. சங்கிலி அறுந்திருக்கிறது. இன்னொன்று நேரம். இரண்டு வரிகளின் நேர மண்டலங்களையும் சரிசெய்து பார்த்தால், கீழ் வரியின் நேரம் நடு வரியின் நேரத்தைவிடப் பிந்தியது. அனுப்புவதற்கு முன்பே அஞ்சல் வந்து சேர்ந்துவிட முடியாது.

அந்த வங்கிப் பெயரை நம்பி வங்கிக்குப் புகார் எழுதுபவர்கள் நிறைய உண்டு. ‘அனுப்புநர்’ என்று திரையில் தெரியும் முகவரிக்கே கோபமாகப் பதில் எழுதுபவர்களும் உண்டு. அந்த முகவரிக்குச் சொந்தக்காரருக்கு இதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவர் பெயரைத் திருடியிருக்கிறார்கள்.

மூலத்தை ஒட்டிப் பொத்தானை அழுத்தியதும் ஸ்பேம்காப் மேலே சொன்ன அதே வாசிப்பைச் செய்து காட்டியது. நம் சர்வர்கள் என்று பதிந்துவைத்தவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டி, 203.0.113.45 என்ற எண்ணில் வந்து நின்றது. மூன்றாவது வரியை ஏற்க முடியாது என்று தள்ளியது. பிறகு அந்த எண் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்ற தேடல். உலகத்தின் ஐபி முகவரிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன. ஆசியாவுக்கும் பசிபிக் பகுதிக்கும் ஏப்நிக். அந்தப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரோடு முறைகேடுகளைப் புகார் செய்வதற்கான முகவரியும் இருக்கிறது. டொமைன் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ‘அப்யூஸ்’ என்ற பெயரில் ஓர் அஞ்சல் பெட்டி வைத்திருக்க வேண்டும் என்பது 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2142 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்த வழக்கம். இந்த முறை அப்படி ஒரு பெட்டிதான் கிடைத்தது. அந்த எண் ஒரு வீட்டு பிராட்பேண்ட் இணைப்புக்கு உரியது. யாரோ ஒருவரின் கணினியோ ரவுட்டரோ தீநிரலின் பிடியில் இருந்துகொண்டு, உரியவருக்குத் தெரியாமலே அஞ்சல் அனுப்பியிருக்கிறது.

உடல்பகுதியை பேஸ்64 குறியீட்டில் மறைத்திருந்தார்கள். மூலத்தில் பார்த்தால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சுவர். ஸ்பேம்காப் அதை அவிழ்த்து உள்ளே இருந்த சுட்டியை எடுத்தது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எங்கள் அஞ்சல் பக்கத்தின் முகவரி. சொடுக்கினால் போகும் இடம் முற்றிலும் வேறு. அதன் கடைசியில் அக்காவின் மின்னஞ்சல் முகவரி ஒட்டியிருந்தது. அதனால்தான் போலிப் பக்கம் எங்கள் பதிப்பகத்தின் பெயரோடு திறந்திருக்கிறது. அந்தத் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் புகார் முகவரியையும் பட்டியலில் ஸ்பேம்காப் சேர்த்தது.

இது வரைக்கும் எந்தப் புகாரும் போகவில்லை. யார் யாருக்கு அனுப்பலாம் என்ற பட்டியலும், ஒவ்வொன்றின் முன்னால் ஒரு டிக் பெட்டியும் காட்டப்படுகின்றன. இது குப்பை அஞ்சல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று மேலே ஒரு வேண்டுகோள். இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். அஞ்சலுக்குள் இருக்கும் எல்லாச் சுட்டிகளும் குற்றவாளியுடையவை ஆகா. நம்பகத்தன்மை வரட்டும் என்று உண்மையான வங்கியின் தளத்துக்கு, சமூக ஊடகப் பக்கத்துக்கு, பிரபலமான எழுத்துரு சர்வருக்கு எல்லாம் சுட்டி வைத்திருப்பார்கள். தொடர்பில்லாதவற்றின் டிக்கை எடுத்துவிட வேண்டும். இந்த அஞ்சலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சின்னப்படம் அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே இழுக்கப்பட்டிருந்தது. அதன் டிக்கை எடுத்துவிட்டு, பிராட்பேண்ட் நிறுவனம், போலிப் பக்கத்தின் ஹோஸ்டிங் நிறுவனம் ஆகிய இரண்டுக்கும் அனுப்பினேன்.

அனுப்பும் நகலில் பெறுநரின் முகவரியை ஸ்பேம்காப் மறைத்துவிடுகிறது. ஆனாலும் சுட்டிக்குள் குறியீடாக முகவரி ஒளிந்திருந்தால் அது தப்பிவிடக்கூடும். எங்களுடையது அச்சில் ஏறிய பொது முகவரி என்பதால் நான் கவலைப்படவில்லை. தனிப்பட்ட முகவரியை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அதற்காக அஞ்சலின் மூலத்தில் கைவைத்துத் திருத்துவது தவறு. சான்றைத் திருத்தக் கூடாது என்பது சேவையின் விதி, சரியான விதி.

பிராட்பேண்ட் நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. ஹோஸ்டிங் நிறுவனம் பக்கத்தை நீக்கிவிட்டதாகப் பதில் எழுதியது. நிறுவனங்கள் எழுதும் பதில் ஸ்பேம்காப் வழியாகவே நம்மை வந்தடைகிறது. பக்கத்தை நானும் சோதித்துப் பார்த்தேன், எடுத்துவிட்டிருந்தார்கள். ஏமாற்றுப் பக்கங்களைப் பொறுத்தவரை ஸ்பேம்காப்போடு நிறுத்திக்கொள்வதில்லை. கூகுளின் பாதுகாப்பான உலாவல் பிரிவுக்கும் சுட்டியைத் தெரிவிக்கிறேன். அங்கே பட்டியலில் ஏறினால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் சிவப்புத் திரை காட்டி வாசலிலேயே தடுத்துவிடும். யாராவது பணத்தை இழந்துவிட்டால் அது வேறு விஷயம். இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். குப்பை அஞ்சல் புகாரால் பணம் திரும்பி வராது.

எனக்கு அதிக மனநிறைவு தந்தது இன்னொரு புகார். மருந்து விற்பதாகச் சொல்லும் அஞ்சல் ஒன்று அடிக்கடி வந்துகொண்டிருந்தது. தலைப்புகள் மாறும், அனுப்புநர் பெயர்கள் மாறும், ஐபி மட்டும் மாறவில்லை. தலைப்பகுதியை முழுக்கப் படித்தபோது ‘எக்ஸ்-பிஎச்பி-ஒரிஜினேட்டிங்-ஸ்க்ரிப்ட்’ என்ற வரி கண்ணில் பட்டது. இணையதளத்தில் ஓடும், பிஎச்பி மொழியில் எழுதிய நிரல் வழியாக அஞ்சல் போகும்போது, எந்தக் கணக்கின் கீழ் எந்தக் கோப்பு அதை அனுப்பியது என்று சில சர்வர்கள் எழுதிவைக்கும் வரி அது. ஒரு பயனர் எண், முக்காற்புள்ளி, கோப்பின் பெயர். பெயரில் பொருளே இல்லாத எழுத்துகள். எந்த நிரலாளரும் தன் கோப்புக்கு அப்படிப் பெயர் வைக்க மாட்டார். பகிர்வு ஹோஸ்டிங்கில் இருக்கும் ஏதோ ஒரு தளத்தின் ஓட்டை வழியாக யாரோ அந்தக் கோப்பை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவு.

புகாரோடு குறிப்பு எழுத ஸ்பேம்காப்பில் இடம் இருக்கிறது. பெரும்பாலும் அதைக் காலியாக விடுகிறேன். இந்த முறை நான்கு வரி எழுதினேன்: உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தளம் ஊடுருவப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, தலைப்பகுதியில் உள்ள பயனர் எண்ணையும் கோப்பின் பெயரையும் பாருங்கள், கோப்பை மட்டும் நீக்கினால் ஓட்டை திறந்தே இருக்கும், தளத்தின் உரிமையாளர் குற்றவாளி அல்லர் என்றே நினைக்கிறேன். வசையும் மிரட்டலும் இல்லாமல், தேட வேண்டிய இடத்தைச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் வேலையைத் தொடங்கிவிடுகிறார். கோப்பைக் கண்டுபிடித்து நீக்கியதாகவும், வாடிக்கையாளரின் பழைய செருகுநிரலைப் புதுப்பிக்கச் சொன்னதாகவும் பதில் வந்தது. அந்த ஐபியிலிருந்து பிறகு எதுவும் வரவில்லை.

எல்லாப் புகாருக்கும் இப்படி நடக்காது. பெரிய இலவச அஞ்சல் சேவைகளிலிருந்து வரும் குப்பைக்கு எந்திரம் எழுதிய பதில்தான் கிடைக்கும். அவர்களுடைய சொந்தப் புகார்ப் படிவத்தை நிரப்புவது மேல். சில நிறுவனங்கள் புகார்களே வேண்டாம் என்று ஸ்பேம்காப்பிடம் சொல்லிவிட்டிருக்கின்றன. சிலவற்றின் புகார் முகவரிக்கு அனுப்பினால் அஞ்சல் திரும்பி வருகிறது. அப்போது புகார் யாருக்கும் போகாது. கணக்கில் மட்டும் ஏறும் என்று திரையில் தெரிவிக்கப்படுகிறது. இதைப் பார்த்து மனம் தளர்ந்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அந்தக் கணக்குக்கும் வேலை இருக்கிறது.

ஸ்பேம்காப் ஒரு தடைப்பட்டியலை நடத்துகிறது. பயனர்களின் புகார்களையும், குப்பையைப் பிடிப்பதற்கென்றே வைத்த பொறி முகவரிகளுக்கு வரும் அஞ்சலையும் வைத்து ஐபி முகவரிகள் அதில் ஏறுகின்றன. புதிய புகார் இல்லாமல் 24 மணி நேரம் கடந்தால் தானாக இறங்கிவிடுகின்றன. உலகெங்கும் உள்ள அஞ்சல் சர்வர்கள், வாசலில் வந்து நிற்கும் ஐபி இந்தப் பட்டியலில் உண்டா என்று, இணையப் பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் வழியாகக் கேட்கின்றன. கேட்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஐபியின் நான்கு எண்களையும் தலைகீழாக அடுக்கி, 45.113.0.203 என்று ஆக்கி, பட்டியலின் பெயரைப் பின்னால் ஒட்டி, அப்படி ஒரு டொமைன் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். பட்டியலில் இருந்தால் 127.0.0.2 என்று பதில் வரும். இல்லாவிட்டால் அப்படிப் பெயரே இல்லை என்று வரும். இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயர்த்தேடல் ஏற்பாட்டையே இதற்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்; அதனால்தான் இவ்வளவு வேகம்.

இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. 2021 ஜனவரி இறுதியில் ஸ்பேம்காப்பின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. டொமைன் பதிவாளரின் வெற்றுப் பக்கத்துக்கு எல்லாப் பெயர்களும் திரும்பின. அதாவது எந்த ஐபியைக் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் வந்தது. பதில் வந்தாலே பட்டியலில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்த சர்வர்கள், நல்ல அஞ்சல்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பின. 127.0.0.2 என்ற பதிலை மட்டும் ஏற்கும்படி அமைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். தடைப்பட்டியலைப் பயன்படுத்தும் சர்வரை நிர்வகிப்பவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு வரியைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் இருப்பதை மட்டுமே வைத்து அஞ்சலை மறுக்காமல், மற்றச் சோதனைகளோடு சேர்த்து மதிப்பெண்ணாகக் கொள்வதும் நல்லது. ஒரே சர்வரில் குப்பை அனுப்பியவனும் நல்ல மனிதர்களும் சேர்ந்து இருக்கக்கூடும்.

அந்த நல்ல மனிதர்களை நினைத்துத்தான் எதைப் புகார் செய்யக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன். நாமே பதிவு செய்துகொண்ட செய்திமடல் சலித்துப்போனால் அது குப்பை அஞ்சல் ஆகாது. விலகும் சுட்டியைச் சொடுக்கினால் முடிந்தது. 2024 முதல் கூகுளும் யாஹூவும், பெருமளவில் அஞ்சல் அனுப்புபவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆகவே ஒழுங்கான நிறுவனங்களிடம் இப்போது இது உடனே நடக்கிறது. ஆனால் முன்பின் தெரியாதவன் அனுப்பிய குப்பையில் இருக்கும் விலகும் சுட்டியைத் தொடுவதில்லை. இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவனுக்கு உறுதிப்படுத்துவதாகிவிடும். பதிப்பகத்தில் இந்த வேறுபாட்டை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் கையெழுத்துப்படி அறிவிப்பைப் பார்த்துத் தன் நாவலைக் கேட்காமலே அனுப்பும் எழுத்தாளரைக்கூடப் புகார் செய்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. அவர் நமக்கு, நமக்கு மட்டுமே, தன் பெயரில் எழுதியிருக்கிறார். மொத்தமாக, கேட்காதவர்களுக்கு அனுப்பியிருந்தால்தான் இந்தப் புகாருக்கு அது ஏற்றது.

சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னால் பலன் உண்டு என்பதற்குப் பெரிய சாட்சியம் 2008இல் இருக்கிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கொலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனம் இருந்தது. தீநிரலின் பிடியில் உள்ள கணினிகளின் கூட்டங்களான பெரிய பாட்நெட்கள் பலவற்றுக்கு ஆணையிடும் சர்வர்கள் அதன் கூரைக்கு அடியில் இருந்தன. வாஷிங்டன் போஸ்ட் இதழின் பிரையன் கிரெப்ஸ், பாதுகாப்பு ஆய்வாளர்கள் திரட்டிய சான்றுகளை, மெக்கொலோவுக்கு இணைய இணைப்பு கொடுத்துவந்த இரண்டு நிறுவனங்களிடம் கொண்டுபோனார். நவம்பர் 11 அன்று இணைப்பு துண்டிக்கப்பட்டது. உலகின் குப்பை அஞ்சல் ஒரே நாளில் பாதிக்கும் மேல் குறைந்ததாக வடிகட்டி நிறுவனங்கள் கண்டன. சில மாதங்களில் மறுபடி ஏறியது உண்மைதான். ஆனாலும் உலகத்தின் பாதிக் குப்பைக்கு ஒரு முகவரி இருந்தது, அந்த முகவரிக்கு மேலே ஒருவர் இருந்தார், அவரிடம் சான்றோடு சொன்னதும் நடந்தது.

இன்னும் பின்னால் போனாலும் இதே பாதைதான். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் சுமார் 400 முகவரிகளுக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் குப்பை அஞ்சல் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது அதுவே. வலையமைப்பைப் பொறுப்பில் வைத்திருந்த அமெரிக்க ராணுவத் தகவல் தொடர்பு அமைப்பிலிருந்து கண்டனம் வந்தது. விஷயம் அதோடு முடிந்தது. அன்று யாரிடம் சொல்வது என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பெட்டிக்கு வரும் குப்பையின் மொத்த அளவு குறைந்துவிட்டதா என்றால், இல்லை. ஒரு மூலம் அடைபட்டால் இன்னொன்று திறக்கிறது. ஆனால் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த சில மூலங்கள் நின்றேவிட்டன. சில போலிப் பக்கங்கள் மறைந்துவிட்டன. இப்போது எல்லாவற்றையும் புகார் செய்வதில்லை. கடவுச்சொல்லைக் கேட்பவை, பணத்தைக் கேட்பவை, ஒரே ஐபியிலிருந்து தொடர்ந்து வருபவை ஆகியவற்றுக்கு முன்னுரிமை. காலையில் அலுவலகம் திறந்ததும் இந்த வேலை. ஆணைகளைப் பார்ப்பதற்கு முன்னால் முடித்துவிடலாம். அக்காவும் மூலத்தை எடுத்து எனக்கு அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டார். ‘ஃப்ரம்’ பெயரை நம்பாமல் அடைப்புக்குறி எண்ணைப் பார்க்கிறார்.

பிறர் தலைப்பகுதிகளைப் படித்த பழக்கத்தில் எங்கள் டொமைனையும் ஒருமுறை சோதித்தேன். எங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு இருந்தது. அஞ்சலில் எண்முறைக் கையொப்பமிடும் டிகேஐஎம் இல்லை. இவற்றோடு பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் இல்லை. இரண்டையும் சேர்த்திருக்கிறேன். டிமார்க்கை முதலில் அறிக்கை மட்டும் தரும் நிலையில் வைத்து, எங்கள் நல்ல அஞ்சல் எதுவும் சிக்கவில்லை என்று தெரிந்த பிறகு இறுக்கினேன்.

‘அப்யூஸ்’ பெட்டியும் எங்களிடம் இல்லை. நாளைக்கு எங்கள் தளத்தில் யாரேனும் ஒரு கோப்பைப் புகுத்தினால், எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் தலைப்பகுதியைப் படித்து எங்களைத் தேடுவார். அதற்காக அந்தப் பெட்டியைத் திறந்து, எனக்கும் அக்காவுக்கும் சேரும்படி வைத்திருக்கிறேன். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் ஸ்பேம் வடிகட்டியை நிறுத்திவைத்தேன். புகாரோடு குப்பை அஞ்சலின் நகலும் சேர்ந்து வரும்; வடிகட்டி இருந்தால் புகாரையே விழுங்கிவிடும்.